ஆரோக்கியவரத்துப் பாலும் முட்டையும்: காசநோய் வரலாற்றில் அமினோ அமிலங்கள்

"மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், உங்கள் துறையை ஒட்டி இருந்தால் நல்லது" என்று மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் கேட்டபோது தயங்கினேன். என் துறை உயிர்வேதியியல். அமினோ அமிலம் என்று தலைப்பிலேயே போட்டால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டி, நாட்டிய நிகழ்ச்சிப் படங்களுக்குப் போய்விடுவார்கள். அதனால் அமிலத்தை விட்டுவிட்டு, உங்கள் இடது தோளிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு அங்கே ஒரு சிறு தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அது இராது. 1992-இல் நான் அமெரிக்காவுக்கு வந்து ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, முன்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனாலும் கிருமி உள்ளே உறங்கக்கூடும் என்று ஆறு மாதத்துக்கு ஐசோனயசிட் மாத்திரையும், கூடவே வைட்டமின் பி-6-உம் கொடுத்தார்கள். இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும்.

ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வெளியில யாருகிட்டயும் சொல்லிக்காதேப்பா" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று அடுத்த ஆண்டு விடுமுறையில் சித்தூருக்குப் போனபோதுதான் தெரிந்தது.

வீட்டில் சொல்லாத கதை

எங்கள் வீடு தமிழ் பேசும் சித்தூர் வீடு. தெருவில் தெலுங்கு, வீட்டில் வடார்க்காட்டுத் தமிழ். தாத்தா சித்தூரில் பள்ளி ஆசிரியர். பாட்டி பிறந்தது திருப்பதியில். தாத்தா ஒரு வருடம் "மதனப்பள்ளியில் வேலை பார்த்தார்" என்றுதான் நாங்கள் சிறு வயதில் கேட்டு வளர்ந்தோம். எண்பது வயதைத் தொட்டிருந்த பாட்டி, என் மாத்திரைக் கதையைக் கேட்டபின் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்:

"உங்க தாத்தா அங்க வேலைக்குப் போவலடா கண்ணு. ரத்தமா துப்பினாரு. பாகாலாவுல வண்டி மாத்தி இட்டுனு போனோம். ஆரோக்கியவரம்னு பேரு. பத்து மாசம் இருந்தாரு. முட்டைய தொட்டதே இல்ல இந்த மனுஷன். அங்க தெனமும் பாலும் முட்டையும். கண்ண மூடிக்கினு முழுங்கினேன்னு கார்டு எழுதினாரு."

இது நடந்தது 1938-இல். தாத்தா தேறித் திரும்பினார். பாட்டி வேண்டிக்கொண்டபடி திருமலைக்குப் போய் முடி இறக்கினார்கள். வீட்டிலும் பாலும் பருப்பும் விடாமல் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பாட்டியின் வளையல்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. அந்த வீட்டில் மூன்று குழந்தைகளும், படித்துக்கொண்டிருந்த தாத்தாவின் தம்பியும் இருந்தார்கள். அந்தச் சின்னத் தாத்தாவுக்கு 1940-இல் இருமல் வந்தது. மறு வருடம் போய்விட்டார். வயது இருபத்தொன்று.

"வாங்குறது ரெண்டு ஆழாக்குப் பாலு. அது அவருக்கு. சின்னவனுக்கும் பசங்களுக்கும் கேவுரு கூழு. நான்தான் அந்தப் புள்ளைய தின்னுட்டேன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கீறேன்" என்றார் பாட்டி.

உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு அன்று ஒரு பதிலும் சொல்லத் தெரியவில்லை. பாட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

மலைமேல் ஒரு மருத்துவமனை

நம் முன்னோர் இந்த நோயை எலும்புருக்கி என்றார்கள். வடமொழியில் க்ஷயம், அதாவது தேய்தல். ஆங்கிலத்திலும் உடலைத் தின்று தீர்க்கும் நோய் என்ற பொருளில்தான் பழைய பெயர் இருந்தது. எல்லா மொழிக்காரர்களும் இருமலைவிட இளைப்பைத்தான் முதலில் கண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1882 மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் இராபர்ட் காக், நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று பெர்லினில் அறிவித்தார். காரணம் தெரிந்தது, மருந்து கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் உலகம் நம்பியது மூன்றை: நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. இந்த மூன்றையும் ஓரிடத்தில் தருவதற்காக எழுந்தவையே சானடோரியங்கள்.

இந்தியாவில் முதலாவது 1906-இல் அஜ்மீர் அருகே திலோனியாவில் அமைந்தது. தெற்கே, பல கிறித்தவ மறைப்பணி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய 'யூனியன் மிஷன் காசநோய் சானடோரியம்' 1915-இல் மதனப்பள்ளி அருகே திறக்கப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல், வறண்ட காற்று வீசும் மேட்டு நிலம் அது. அந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயர் வைத்தார்கள். தமிழுக்கும் தெலுங்குக்கும் ஒரே பொருள் தரும் பெயர். டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மொல்லர் அதன் முதல் தலைமை மருத்துவர். அவருக்குப் பின் டாக்டர் பி.வி. பெஞ்சமின் அந்தப் பொறுப்பை ஏற்றார். பிற்பாடு இவர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகராகவும் விளங்கினார். முதல்வரின் மகன் டாக்டர் யோஹான்னஸ் ஃபிரிமோட் மொல்லரும் அங்கேயே பணியாற்றினார்.

1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே ஆரோக்கியவரத்தின் கதை ஆந்திரக் கதையும்தான், நம் கதையும்தான். (2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமானது, மதனப்பள்ளியும் சித்தூர் மாவட்டத்தை விட்டுப் போனது.) மதனப்பள்ளி ஊரும் இலேசான ஊர் அல்ல. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது அங்கே; 1919-இல் தாகூர் வந்து தங்கி 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் ஆக்கியதும் அங்கேதான்.

தமிழர் ஒருவர் தொடங்கிய சானடோரியமும் உண்டு. டாக்டர் சௌரிமுத்து என்பவர் இங்கிலாந்தில் மென்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-இல் கணிதமேதை இராமானுஜன் சிகிச்சைக்காகப் போய்த் தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அதே சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியதுதான், இன்று இரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்ட 'சானடோரியம்'. இராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா, அமீபா தொற்றா என்று 1994-க்குப் பின் ஐயம் எழுந்தது வேறு கதை. போர்க்கால இங்கிலாந்தில் சைவ உணவு கிடைக்காமல் அவர் இளைத்துப் போனார் என்பதில் மட்டும் ஐயமில்லை.

பூச்சரமும் இருபது பூக்களும்

பாலும் முட்டையும் ஏன்? இங்கேதான் நம் அமிலங்கள் வருகின்றன. பயப்பட வேண்டாம், புளிக்காது.

நம் உடம்பில் தசை, தோல், இரத்தத்தின் சிவப்பு, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பான்கள் எல்லாமே புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஒரு பூச்சரம் போன்றது. மல்லி, முல்லை, கதம்பம் என்று எந்தச் சரமானாலும் கட்டுவதற்கு இருபது வகைப் பூக்கள்தான். அவைதான் அமினோ அமிலங்கள். எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்ற வரிசைதான் சரத்துக்குச் சரம் மாறும். திருமலையில் தாத்தா இறக்கிய முடிகூட அப்படி ஒரு சரம்தான். அதில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற பூ அதிகம்.

இருபதில் ஒன்பதை மனித உடம்பால் செய்துகொள்ள முடியாது. டிரிப்டோபேன், லைசின், லியூசின், மெத்தியோனின் போன்றவை அந்த ஒன்பதில் சேரும். இவை சாப்பாட்டில் வந்தே தீர வேண்டும். கேழ்வரகில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. காராமணியிலும் துவரையிலும் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. களியோடு காராமணிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட நம் ஊர்க்காரர்கள் படிக்காமலேயே கணக்கைச் சரிக்கட்டினார்கள். வெறும் கூழாக இருந்தால் கணக்கு உதைக்கும். பாலிலும் முட்டையிலும் ஒன்பதும் தேவையான அளவில் இருக்கின்றன. சானடோரிய மருத்துவர்கள் அனுபவத்தால் கண்டதற்கு வேதியியல் பிறகு காரணம் சொன்னது.

இப்போது கிருமியின் பக்கம் பாருங்கள். காசநோய்க் கிருமிக்கு இருபதையும் தானே செய்துகொள்ளத் தெரியும். ஆய்வகத்தில் அதை வளர்க்க முட்டைக் கூழும் கிளிசரினும் அஸ்பாரஜின் என்ற ஓர் அமினோ அமிலமும் கலந்த தளம் போதும். அந்த அஸ்பாரஜின்தான் மனிதன் முதன்முதலில் பிரித்தெடுத்த அமினோ அமிலம். 1806-இல் பிரான்சில், ஒரு தண்ணீர்விட்டான் இனச் செடியின் சாற்றிலிருந்து. இளைத்த உடம்புக்கு நம் வைத்தியர்கள் இலேகியம் செய்யும் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே செடிக் குடும்பம்தான். 1912-இல் சோட்டான் என்ற பிரெஞ்சுக்காரர் அஸ்பாரஜினை வைத்து ஒரு வளர்ப்பு நீர்மம் தயாரித்தார். பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் கூடங்களில் அதுவே நெடுங்காலம் வழக்கமானது.

ஆக, நோயாளி சாப்பிடாவிட்டால் நோயாளிதான் தேய்வார்; கிருமி தேயாது. பட்டினி போட்டால் நோய் அடங்கும் என்ற பழைய எண்ணம் இந்த நோயில் செல்லாது.

ஊசியும் இராஜாஜியும்

பி.சி.ஜி. என்பது கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் பதின்மூன்று ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்த மாட்டுக் காசநோய்க் கிருமி. 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் அந்த ஊசி முதலில் போடப்பட்ட இடங்களில் ஒன்று, 1948-இல், மதனப்பள்ளி! அதே ஆண்டு சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் எழுந்தது. 1951-இல் நாடு தழுவிய இயக்கமானது.

இதை எதிர்த்துப் பெரிய குரல் எழுந்ததும் நம் மண்ணிலிருந்துதான். 1955-இல் இராஜாஜி இந்த ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று தனி நூலே வெளியிட்டார். உயிருள்ள கிருமியை நோயற்ற கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் ஏற்றுகிறீர்களே, பலன் இந்த நாட்டில் நிரூபணமாயிற்றா என்பது அவர் கேள்வி. அன்று பலர் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடும் வேலையும் ஆரோக்கியவரத்தில் 1950-லேயே தொடங்கியிருந்தது. யோஹான்னஸ் ஃபிரிமோட் மொல்லர் குழுவினர் மதனப்பள்ளியையும் சுற்றுக் கிராமங்களையும் வீடு வீடாகச் சோதித்து, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 1964-இல் வந்த அறிக்கை ஓரளவு பாதுகாப்பைக் காட்டியது. காலம் நீள நீள அந்தப் பலன் குறைந்துகொண்டே வந்தது.

பிறகு செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த மாபெரும் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979-இல் காட்டியது. உலகமே திடுக்கிட்டது. அதற்காக ஊசி வீண் என்றாகாது. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது நன்றாகவே தடுக்கிறது. அதனால்தான் இன்றும் இந்தியாவில் பிறந்தவுடன் போடுகிறார்கள். இராஜாஜி பாதி தோற்றார், பாதி வென்றார் என்று சொல்லலாம்.

என் முன்கை தடித்த கதைக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. அந்த ஊசியில் இருந்தது கிருமியின் புரதங்களைச் சுத்திகரித்த கலவை. அவற்றில் பல பி.சி.ஜி. கிருமியிலும் உண்டு. அதனால் தடித்தது கிருமியாலா, பழைய தழும்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2000-க்குப் பின் வந்த இரத்தப் பரிசோதனையில் 95 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதத்தின் துண்டுகளையும் அதன் இணைப்புரதத்தின் துண்டுகளையும் பயன்படுத்துகிறார்கள். இவை பி.சி.ஜி.யில் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது புதிதாக வந்து, தோல் ஊசியில் தடித்தால், "தழும்பு இருக்கிறது, இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம்.

சாப்பாட்டைத் தோற்கடித்த மாத்திரை

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் எனப்படும் மருந்தும், 1952-இல் ஐசோனயசிட்டும் வந்தன. சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத இலட்சக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கு விடை சொன்னது 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். ஆங்கிலேயரான டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு சானடோரியப் படுக்கை, ஓய்வு, நல்ல உணவு. மற்றவர்களுக்குச் சென்னையின் நெருக்கடியான வீடுகளில் கிடைத்த சாப்பாடு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே.

1959-இல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. பெரிய வித்தியாசம் இல்லை! சானடோரியக்காரர்கள் எடை அதிகம் கூடினார்கள். ஆனால் கிருமியைக் கொன்றது மாத்திரைதான். உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதற்கு இந்தச் சென்னை ஆய்வும் ஒரு முக்கியக் காரணம். ஆரோக்கியவரமும் பின்னாளில் பொது மருத்துவமனையாக மாறி இன்றும் இயங்குகிறது.

நல்ல செய்திதான். ஆனால் ஒரு பக்க விளைவும் இருந்தது. "சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும்" என்று மருத்துவ உலகம் அரை நூற்றாண்டுக்கு நினைத்துவிட்டது. ஆய்வு சொன்னது, மருந்து சாப்பிடும் நோயாளி குணமாவதைப் பற்றி. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்கச் சாப்பாடு உதவுமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

உடம்புக்குள் நடக்கும் பட்டினிப் போர்

அந்த அரை நூற்றாண்டில் ஆய்வகங்களில் அமினோ அமிலங்களைப் பற்றிய புரிதல் வளர்ந்தது.

முதலாவது, கிருமியின் மதில்சுவர். நம் புரதங்களில் இருப்பவை இடக்கை அமைப்புள்ள அமினோ அமிலங்கள். பாக்டீரியாக்களோ தம் சுவரில் வலக்கை அமைப்புள்ள அலனினையும் வைத்துக் கட்டுகின்றன. நமக்கு அந்த வேலையே இல்லை. 1950-களில் கிடைத்த சைக்ளோசெரின் மருந்து அந்த வலக்கை அலனின் போலவே வேடமிட்டுப் போய்க் கிருமியின் கொத்தனாரை ஏமாற்றுகிறது. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு இன்றும் அது பயன்படுகிறது.

இரண்டாவது, டிரிப்டோபேன். கிருமி நுழைந்ததும் நம் உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. கிருமி ஒளிந்திருக்கும் அணுவுக்குள் இருக்கும் டிரிப்டோபேனை உடைத்துத் தீர்த்துவிடுகின்றன. கோட்டையைச் சுற்றி வளைத்து உணவை நிறுத்துகிற அதே பழைய போர்முறை. கிளமிடியா போன்ற கிருமிகள் இதில் பட்டினி கிடந்து அடங்கிவிடும். காசநோய்க் கிருமியோ தன் அடுப்பை மூட்டித் தானே டிரிப்டோபேன் சமைத்துக்கொள்ளும். பாஸ்டனில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013-இல் இதை விளக்கி, அந்த அடுப்பை அணைக்கும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தால் கிருமி சாகிறது என்றும் காட்டினார்கள். 2018-இல் நியூயார்க்கில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் செய்ய முடியாமல் ஆக்கப்பட்ட கிருமி விரைவில் மடிவதைக் கண்டார்கள். புதிய மருந்துகளுக்கான வாசல்கள் இவை. மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை.

மூன்றாவது, அதே ஆர்ஜினின் நம் பக்கத்து ஆயுதமும்கூட. அதிலிருந்துதான் நம் அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கிக் கிருமியைத் தாக்குகின்றன. ஆர்ஜினின் எதில் அதிகம் தெரியுமா? நம்ம ஊர் மல்லாட்டையில்! மதனப்பள்ளி மானாவாரிக் காடெல்லாம் விளையும் வேர்க்கடலைதான். எத்தியோப்பியாவில் நோயாளிகளுக்கு மருந்தோடு தினமும் ஒரு கை கடலை கொடுத்துச் சோதித்தார்கள். 2011-இல் வெளியான முடிவில், ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை; எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்து இருந்தவர்களுக்கு மட்டும் சற்று நன்மை தெரிந்தது. ஒற்றை அமினோ அமிலத்தை எடுத்துக் கொடுத்தால் அற்புதம் நிகழும் என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். புட்டியில் அடைத்து விற்கும் பொடிகளை வாங்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சரம் கட்டப் பூக்கள் எல்லாமே வேண்டும்.

பாட்டிக்கு ஒரு பதில்

1959-இல் கேட்காமல் விட்ட கேள்வியை இந்தியாவிலேயே மறுபடி எடுத்தார்கள். டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் சென்னையின் அதே சேத்துப்பட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு அது. 2,800 நோயாளிகளின் வீடுகள். அந்த வீடுகளில் உடன் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு உணவும் கொடுத்தார்கள். ஒரு பாதி வீடுகளில் மட்டும், உடன் இருப்பவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். பாலும் முட்டையும்கூட இல்லை.

2023 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. சாப்பாடு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சோதனையில் கிருமி உறுதியான நோயை மட்டும் பார்த்தால் 48 விழுக்காடு. இது தடுப்பூசிக்கு நிகரான பலன். தொடக்கத்திலேயே எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது.

அந்தக் கட்டுரையை என் அலுவலக அறையில் படித்தபோது எண்களுக்குப் பின்னால் பாட்டியின் குரல்தான் கேட்டது. "சின்னவனுக்குக் கேவுரு கூழு." பாட்டி அப்போது உயிரோடு இல்லை.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. பத்தாத சாப்பாடு வீட்டிலுள்ளவர்களை நோய்க்குத் திறந்து விடுகிறது. அது இன்று நிரூபணமான செய்தி. ஆனால் மீதிப் பாதியைப் பாட்டி அறியவில்லை. தாத்தா ஊருக்குத் திரும்பு முன்னரே, இருமிய நாட்களிலேயே, கிருமி தம்பிக்குப் போயிருக்கக்கூடும். அது உடம்புக்குள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உறங்கும். அன்று மருந்தே இல்லை. மருந்தில்லாமல் சளியில் கிருமி தெரிந்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்தாண்டுக்குள் இறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த வீட்டில் இருந்தது இரண்டு ஆழாக்குப் பால். இரண்டு ஆழாக்கை ஆறு பேருக்குப் பங்கிட்டிருந்தால் தாத்தாவையும் இழந்திருக்கலாம். பங்கிட்டவர் மேல் குற்றமில்லை. பங்கிட இருந்தது போதவில்லை. எடை பார்த்து நோயாளிக்குப் பால் கொடுக்கச் சொன்ன மருத்துவம், வீட்டில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் ஒருவேளை கதை மாறியிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவத்துக்கு 2023 வரை ஆயிற்று.

2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். இந்திய அரசு 2018 முதல் நோயாளிக்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் கொடுத்தது; 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்த ஆயிரம் ரூபாயும் வீட்டுக்குள் போனால் மறுபடி ஒரு பாட்டிதான் பங்கிட வேண்டும்.

நம் சங்கங்கள் ஊருக்கு எவ்வளவோ நற்பணிகள் செய்கின்றன. பள்ளிக்குக் கணினி, கோயிலுக்குக் குடமுழுக்கு. அந்தப் பட்டியலில், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவான காசநோயாளியின் வீட்டில் எல்லோருக்குமாக ஆறு மாதத்துக்கு அரிசியும் பருப்பும் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாமே என்று தோன்றுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு, இந்த விழாவின் ஒரு நாள் விருந்தில் நாம் மீதம் வைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. அம்மா என்னிடம் சொன்னதுபோல் "வெளியில சொல்லாதே" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருக்கலாம். நான் முப்பது ஆண்டு கழித்து இன்று சொல்லிவிட்டேன். சின்னத் தாத்தாவின் படம் எங்கள் வீட்டில் மாட்டப்படாமலேயே இருந்தது. போன முறை சித்தூருக்குப் போனபோது பெட்டியிலிருந்து தேடி எடுத்து, தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.